வீடு திரும்பும் முதியோர் கதி

வயது முதிர்ந்த ஆண்களும் பெண்களும் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்து, ஒருவாறு எழுந்து, வீட்டுக்கு அனுப்பப்படுகிற அன்று வியாதி தீர்ந்துவிட்டதாகவே பெரும்பாலோர் கருதுகிறார்கள். வியாதி அரைவாசி தணிந்த நிலையில், ஏழெட்டு வித மாத்திரைகளும் இங்கிலீஷில் எழுதிய ஒரு சீட்டும் கையில் கொடுத்து, இனி உன்பாடு உன் வீட்டார்பாடு என்று விடப்படுகிற நாள்தான் அது. பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதும், கால் வீங்கினால் "வயசானால் வீங்காதா" என்று விட்டுவிடுவதும், மூச்சுவாங்கத் தொடங்கிய பிறகு நடுராத்திரியில் வண்டி தேடுவதும் அதன் பின் வரும் சில வாரங்களில்தான் நடக்கின்றன. கடைசியில் பழி தலைவிதியின் மேல் விழுகிறது.

இது நம் ஏழைகளுக்கு மாத்திரம் ஏற்பட்ட கஷ்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் முதியோரின் வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்கும் மெடிகேர் திட்டத்தின் கணக்குகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். ஆபரேஷன் அல்லாத வியாதிக்காக இருந்துவிட்டுப் போய் இப்படித் திரும்பியவர்களில் சரிபாதிப்பேர் இடையில் ஒரு டாக்டரிடம் போனதாகவும் கணக்கில் இல்லை. பணமும் வண்டியும் நிறைந்த தேசத்தின் யோக்கியதையே இது. 2012 அக்டோபர் முதல், அளவுக்கு மிஞ்சி நோயாளிகள் திரும்பிவரும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே பிடித்தம் செய்யலானார்கள். பணத்தில் கை வைத்தால்தான் சில இடங்களில் கருணை சுரக்கிறது போலும்!

நிற்க. இதற்கெல்லாம் பரிகாரமாக இப்போது செல்போனைக் காட்டுகிறார்கள். நாமும் அதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம். கட்டிலைவிட்டு எழ முடியாத கிழவி பஸ் ஏறி டாக்டரைத் தேடிப் போகாமல், டாக்டரின் காதே அவள் கட்டிலுக்கு வருகிறதென்றால் அதைவிடப் பெரிய உபகாரம் என்ன வேண்டும்? ஆனால் ஆயுதபூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவனைப் போல, செல்போன் இருக்கிறது, இனி பயமில்லை என்று நம்பச் சொன்னால் நாம் சம்மதிக்க முடியாது. பரீட்சை செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

இருதயம் பலங்குன்றி, இரத்தத்தைப் போதிய அளவு தள்ளமாட்டாமல், காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. முதியோர் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்பே உடம்பில் நீர் சேர்ந்து எடை ஏறக்கூடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது தின்ற சோற்றின் எடையல்ல. அந்தச் சமயத்தில் ஒருவர் தெரிந்துகொண்டு மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரிப் பயணமே மிஞ்சும்.

இந்த யோசனையை வைத்து அமெரிக்காவில் 1,653 பேரைக்கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. பாதிப்பேர் தினமும் டெலிபோனில் கூப்பிடவேண்டும். பதிவு செய்த குரல் கேள்வி கேட்கும். இவர்கள் பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லவேண்டும். வேலைநாட்களில் ஆஸ்பத்திரியார் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள், திரும்பிவந்தவர்கள் கணக்கில் இரு பாதிக்கும் வித்தியாசமே இல்லை. ஏழில் ஒருவர் ஒருநாளும் கூப்பிடவேயில்லை. ஜெர்மனியில் 1,571 பேரைக்கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்டதில், எடையும் இரத்த அழுத்தமும் தினமும் வீட்டிலிருந்தே போய்ச் சேர, இரவு பகல் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் மறுமுனையில் இருந்தார்கள். கவனிப்பில்லாத பக்கத்தில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறக்குறைய 11 பேர் இறக்க, கவனிப்புள்ள பக்கத்தில் 8 பேரே இறந்தார்கள். இரண்டிடத்து நோயாளிகளும் ஒரே மாதிரியானவர்கள் அல்லவாகையால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்திவிட முடியாது. என்றாலும் கம்பியின் மறுமுனையில் மனிதன் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள பேதத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். செல்போன் யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களிலேயே 100-க்கு 54 பேர்தான் தாமே உபயோகிக்கும் செல்போன் உடையவர்கள். எழுபது வயது விதவைத் தாயின் கதியை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம். போன் மகன் சட்டைப்பையில். மகன் திருப்பூரில் வேலையில். அவள் பெயருக்கு வரும் செய்தியோ இங்கிலீஷில்! இதற்குப் பெயர் முதியோர் சேவையாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தின் மூலம், அந்தந்த ஊர்ப் பெண்களே வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுத்ததை நாடு பார்த்திருக்கிறது. கிழவர் ஒருவர் ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்புமுன் அவரது சீட்டின் விவரம் அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் செல்போனுக்குத் தமிழில் போய்ச் சேரட்டும். முதல் மாதம் அவள் எடை மிஷினோடு வாரம் இருமுறை போய்ப் பார்க்கட்டும். கணக்கு ஏறினால் உடனே டாக்டரோடு பேசும்படி செய்யட்டும். இந்த வேலைக்கு அவளுக்குத் தனியே சம்பளமும் கொடுக்கட்டும். பெண்கள் செய்தால் தொண்டு, ஆண்கள் செய்தால் உத்தியோகம் என்ற வழக்கம் இதிலும் வேண்டாம்.

அதுவரையில் வாசகர்கள் தாங்களாகவே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெற்றோரை அழைத்துவரும் அன்று எந்த மாத்திரை நின்றது, எது புதியது என்று வாய்விட்டுக் கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். இராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேசுவது, யார் எடுப்பார் என்று கேளுங்கள். கொடுத்த எண்ணை ஆஸ்பத்திரிப் படி இறங்குமுன் ஒருமுறை அடித்துப் பாருங்கள். மணி அடித்து ஒருவரும் எடுக்கவில்லையானால், திரும்பப் படியேறிப் போய் வேறு எண் கேளுங்கள்.