தாத்தாவுக்கு எந்த நிறம்?

எழுபதைத் தாண்டிய மனுஷன் பொம்மைச் சிப்பாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறானே என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

போன வருஷம் பிரான்சிலிருந்து வந்த என் பேரன், ஈயக் கலவையில் வார்த்த ஒரு சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்தான். 54 மில்லிமீட்டர் உயரம், முதல் உலகப் போர்க் காலத்து பிரெஞ்சுப் படைவீரன். கூடவே ஒரு பெட்டி நிறையப் பெயின்ட் பாட்டில்கள். "தாத்தா, உங்க தாத்தா 1916ல சண்டைக்குப் போனார்னு சொல்வீங்களே, அவர் மாதிரி அடிங்க" என்றான். எங்கள் தாத்தா பிழைத்துத் திரும்பியவர். அதனால் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் கிடையாது. வீட்டில் ஒரு பழைய போட்டோ மட்டும் உண்டு.

பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரை நம்பி அடித்தேன். மூஞ்சிக்கு 'ஃப்ளெஷ்' என்று போட்டிருந்த பாட்டில். முடித்துக் காயவைத்தேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, யாருங்க இந்த வெள்ளைக்காரர்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்தக் காலத்துக் கலர் பென்சில் டப்பாவிலும் 'கூலேர் ஷேர்' என்றால் இளஞ்சிவப்புதான். அதாவது சதையின் நிறம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சதை கிடையாது. அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அறுபது வருஷம் கழித்து என் சொந்தத் தாத்தாவையே அந்த நிறத்தில் முக்கி எடுத்திருக்கிறேன்.

ஆகவே என் கட்சி இதுதான்: பெட்டியாக விற்கிற பெயின்டை வாங்காதீர்கள். வெள்ளை, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், ஒரு நீலம், ஒரு சிவப்பு, இவ்வளவு போதும். மீதியைக் கலந்துகொள்ளலாம். நம் ஆட்களின் முகத்துக்கு சியன்னாவும் அம்பரும் அடிப்படை. கன்னமும் மூக்கும் வெளிச்சத்தில் எழுந்து நிற்க வெள்ளையைச் சேர்க்கக் கூடாது, சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். ஆக்கர் சேர்க்கவேண்டும். குழிவான இடங்களுக்குக் கறுப்பு வேண்டாம், பிணக்களை வந்துவிடும். அம்பரில் துளி நீலம் போதும்.

அடுத்தது கோட்டு. 1914இல் சண்டை தொடங்கியபோது பிரெஞ்சுச் சிப்பாய்க்குச் சிவப்புக் கால்சட்டை, 'கரான்ஸ்' சிவப்பு. தூரத்திலிருந்தே தெரியும். அதை மாற்ற அந்த ஜூலையிலேயே நீலம், வெள்ளை, சிவப்பு நூல் கலந்த துணிக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஆனால் சிவப்புக்கான அலிசரின் சாயம் வந்துகொண்டிருந்தது ஜெர்மனியிலிருந்து! எதிரியிடம் போய்ச் சாயம் கேட்க முடியுமா? சிவப்பு நூலை விட்டுவிட்டு நெய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ப்ளே ஒரிசோன்', தொடுவான நீலம். (நம் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின்தான். இது சும்மா, இடையில் சொல்லிவைக்கிறேன்.)

வெள்ளை நூலும் இரண்டு விதமான நீல நூலும் கலந்த துணி அது. ஒரே பாட்டில் நீலத்தால் அதைக் காட்ட முடியாது என்பது என் எண்ணம். பேரன் கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது பளிச்சென்ற நீலம். நான் சாம்பல் கலந்து மங்கவைத்தேன், வெள்ளையும் கொஞ்சம் சேர்த்தேன். சிறிய உருவத்துக்கு அசல் நிறத்தையே அடித்தால் கருத்துத் தெரியும். ஒரு சாண் தூரத்தில் பார்க்கிற பொம்மை, தூரத்தில் நிற்கிற ஆளைப் போல் வெளிறித் தெரியவேண்டும்.

"காக்கியா இருந்தா என்ன செய்வீங்க?" என்று போனில் கேட்டான் பேரன். நல்ல கேள்வி. காலனிப் படைகளில் காக்கியும் இருந்தது. போட்டோ கறுப்பு வெள்ளை. ஆனால் அந்தக் காலத்துப் போட்டோத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை, நீலத்தை அதிகம் உணர்பவை. நீலம் வெளுப்பாக விழும், சிவப்பு கறுப்பாக விழும், காக்கியும் சற்று இருண்டே விழும். தாத்தாவின் கோட்டு போட்டோவில் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கிறது. அதனால் நீலம்தான் என்று முடிவு செய்தேன். பேரன் இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

பெயின்ட் வகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் கதவுக்கு அடித்து மிஞ்சிய சிந்தெடிக் எனாமலை முயன்றேன். பொத்தானெல்லாம் மூழ்கி, மெழுகுப் பொம்மையாகிவிட்டது. மாடலுக்கென்றே சின்ன டின்னில் வரும் எனாமல் நன்றாகப் படியும், ஆனால் காய நேரம் பிடிக்கும், டர்பென்டைன் வாசனை எனக்கு இருமலைக் கொண்டுவருகிறது. நம் வயதுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் சரி. நம் ஊர் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. ஈரமான டிஷ்யூவின்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் வைத்துக் கலந்தால் மதியம்வரை தாங்கும். உலோகப் பொம்மைக்கு முதலில் பிரைமர் அவசியம், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். கடைசியில் மேட் வார்னிஷ். கம்பளிக் கோட்டு பளபளக்கலாமா? ஆனால் ஐப்பசி மழையில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் வெள்ளை பூத்துப்போகும். நான் அடித்தேன், பூத்தது, முழுக்கச் சுரண்டி மறுபடி ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு முன்னால் முடித்து போட்டோவின் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு உங்க அப்பா மூக்கு மாதிரியே இருக்கு" என்றாள். மூக்கை வார்த்தது கம்பெனிக்காரன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.