மண் பாதையில் ஒரு முதல் பந்தயம்



வயசுப் பெண் காட்டிலும் மேட்டிலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவதாவது என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள். “அக்கா, நீயாவது அவகிட்ட சொல்லக்கூடாதா? கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று ஒரே அழுகை.

அவள் மகள் தென்காசியில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய எக்ஸ்பல்ஸ் 200 வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். 2019-ல் விற்பனைக்கு வந்த ரகம். முன் சக்கரம் 21 அங்குலம். அடிவயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி. கல்லும் பள்ளமும் தாண்ட அது போதும். ஆனால் கனம் 150 கிலோவுக்கு மேல், இரண்டு நெல் மூட்டை! பந்தயத்துக்கென்றே செய்யும் வண்டிகள் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

“பெரியம்மா, ஜெயிக்கணும்னு போகல. முடிச்சுட்டு வந்தாப் போதும்” என்றாள் மகள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.

பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸேயைப் பற்றித் தங்கையிடம் சொன்னேன். 2017-ல் விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2018-ல் ஸ்பெயினில் விழுந்து கணையத்தில் காயம். அதற்குப் பிறகும் 2019 ஆகஸ்டில், ஹங்கேரியில் முடிந்த பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் 65 புள்ளிகளோடு முதலிடம். இரண்டாவது வந்தவருக்கு 61. இந்தக் கதை தைரியமும் சொல்கிறது, எச்சரிக்கையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆகவே, போகலாம் என்றேன். மூன்று நிபந்தனையும் போட்டேன்.

முதலாவது, ரத்தப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது வேண்டும். குறைந்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும், களைப்பு வரும். டாக்டர் கொடுத்த மாத்திரையோடு முருங்கைக்கீரை, கம்பு, நெல்லிக்காய் என்று கொடுத்தோம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தினோம். அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

இரண்டாவது, கவசம். தாடையையும் மூடுகிற ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால், முழங்கை உறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். வண்டிக்கு அலங்காரம் பிறகு. முதல் செலவு இதுதான்.

மூன்றாவது, மூன்று மாதப் பழக்கம். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. செம்மண் பாதையில் சரளை வழுக்கும். கரிசலில் ஒரு மழை விழுந்தால் சக்கரத்தில் களி அப்பி வண்டி நகராது. ஞாயிறு காலையில் அவள் கண்மாய்க்கரையோரம் நின்றபடியே ஓட்டிப் பழகினாள். முழங்காலை லேசாக மடக்கி, பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டுமாம். சாய்ந்த வண்டியைத் தூக்குவதும் தண்ணீர்க்குடம் தூக்குவது போலத்தான். முதுகை வளைக்காமல், காலின் பலத்தில் எழ வேண்டும்.

பந்தயத்துக்கு நானும் போனேன். ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். புதியவர்கள் பிரிவில், இரண்டாவது சுற்றில் மணல் திருப்பத்தில் விழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது! தானே வண்டியைத் தூக்கி, கிளப்பிப் போனாள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள், ஆனால் முடித்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் சிரிப்பு! போனில் சேதி கேட்ட தங்கை, “சாப்பிட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

பந்தயமோ சாதாரண ஸ்கூட்டர் விபத்தோ, ஒன்றை நினைவில் வையுங்கள். தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டையும் இழுக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும், பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், தாங்காத தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

பெண் கேட்பதற்கெல்லாம் சரி என்று சொல்லச் சொல்லவில்லை, சகோதரிகளே. வேண்டாம் என்று சொல்லுமுன், உடம்பு தயாரா, கவசம் இருக்கிறதா, பழக்கம் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தால், அப்புறம் நம்மிடம் மிச்சமிருப்பது பயம் மட்டும்தான்.