முதுகையும் ஜோடி பாருங்கள்

தோல் தொழில் நடக்கும் மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கு,



ஷூ கம்பெனியில் பெட்டியில் அடுக்குவதற்கு முன் இரண்டு காலணிகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பின்பக்கமாகப் பார்ப்பார்கள். குதிகால் உயரம் ஒன்றுபோல் இருக்கிறதா, தையல் ஒரு பக்கம் சாய்கிறதா என்று தேறிய பிறகுதான் ஜோடி சேரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண்கள் அன்றாடம் செய்யும் வேலை இது. இம்மியளவு பிசகினாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட ஒரு தாயின் வீட்டிலேயே, பன்னிரண்டு வயது மகளுக்கு ஒரு தோள் மற்றதைவிட ஏறியிருப்பது தெரியாமல் போய்விடுகிறது. கம்பெனி வண்டி வருவதற்குள் அம்மா புறப்பட்டாக வேண்டும். மகளின் முதுகைச் சீருடையின் மேல்கோட்டோ துப்பட்டாவோ மூடியிருக்கும். பார்க்கச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வதை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பெயர். வளரிளம் பருவத்தினர் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கக்கூடியது. பெரும்பாலும் காரணம் தெரியாது. புத்தகப் பையும் தண்ணீர்க் குடமும் காரணமல்ல. குழந்தையை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் காரணமல்ல. இதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். வளைவு தெரிந்த அன்றைக்கே வீட்டில் பழி விழுவது தாயின் மேல்தான்.

பெண் பிள்ளைகளுக்கே வளைவு கூடுதலாக முற்றுகிறது. அதுவும் மளமளவென்று உயரும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில். 25 பாகைக்குள் இருந்தால் பொதுவாக உடற்பயிற்சியும் கண்காணிப்பும் போதும். 25ஐத் தாண்டினால், வளர்ச்சி இன்னும் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு ஊரில் ‘பெல்ட்’ என்று சொல்லும் பிளாஸ்டிக் கூடு தேவைப்படும். 50ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சை.

எங்கள் மனக்குறை இதுதான். அரசின் கை இந்தப் பாதையின் கடைசியில்தான் நீள்கிறது. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே பயன்படும். மாற்றுத்திறனாளிக்கான முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு இருந்தாக வேண்டும். 22 பாகை வளைவோடு நிற்கும் சிறுமிக்கு இரண்டும் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அந்தக் குழு தேட வேண்டிய 30 பாதிப்புகளில் வளைபாதம் உண்டு, இடுப்பு மூட்டு விலகல் உண்டு, சொத்தைப் பல்கூட உண்டு. வளரும் பருவத்தில் வரும் இந்த முதுகு வளைவு இல்லை. பட்டியலில் இல்லாததைத் தேடவில்லை என்று அந்தக் குழுவைக் குறை சொல்வது நியாயமாகாது.

வளைவுக்கு உடற்பயிற்சி என்றதும் பள்ளி டிரில்லை நினைத்துவிட வேண்டாம். (அந்த பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது வேறு கதை.) தாமே முதுகு வளைவோடு வளர்ந்த கத்தரீனா ஷ்ரோத் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1921 முதல் மைசன் நகரில் கற்பித்த முறையிலிருந்து கிளைத்தவை இந்தப் பயிற்சிகள். கண்ணாடி முன் நின்று முதுகை மேல்நோக்கி நீட்ட வேண்டும். முறுக்கை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அமுங்கிய பக்கத்து விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வளைவுக்கும் பயிற்சி வேறு. தினமும் அரை மணி நேரம், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்.

மிகைப்படுத்திக் கேட்க நாங்கள் விரும்பவில்லை. முற்றிய வளைவைப் பயிற்சி நிமிர்த்திவிடாது. பயிற்சிக்கு உள்ள சான்றைவிடக் கூட்டுக்கு உள்ள சான்றே உறுதியானது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க – கனடிய ஆய்வில், கூடு அணிந்தவர்களில் 72 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை அளவை எட்டாமலே வளர்ச்சியை முடித்தார்கள். அணியாதவர்களில் 48 சதவீதம். நாளுக்கு 13 மணி நேரம் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் 13 மணி நேரம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது என்றால் என்னவென்று சற்று எண்ணிப் பாருங்கள். பருத்தி பனியன் நனைந்து ஒட்டும், தோல் சிவக்கும், தோழிகள் கேட்பார்கள், பிள்ளை கழற்றி எறிவாள். அவளை மறுபடி போட வைப்பதும், மூச்சுப் பயிற்சியைத் திருத்துவதும், அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று நினைவூட்டுவதும் வாரம் ஒருமுறை முகம் பார்க்கும் இயன்முறை மருத்துவரால்தான் ஆகும்.

அவரை எங்கே போய்ப் பார்ப்பது? 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966 முதல் வேலூர் பாகாயத்தில் இயங்குகிறது. நாடே அங்கு வருகிறது. ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் மகளிருக்குக் கட்டணமில்லாத பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். வேலூருக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். அரை மணி நேரப் பயிற்சிக்குத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். மகளுக்கு ஒரு நாள் பள்ளி போகும். மூன்றாவது வாரம் நின்றுவிடுவார்கள். நிற்பவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

உங்கள் அதிகாரத்துக்குள் உள்ளதையே கேட்கிறோம். சுகாதாரமும் பள்ளிக் கல்வியும் உங்கள் ஒரே மேசையில் சந்திக்கின்றன. பள்ளிக்குச் செல்லும் குழு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து விலா ஒரு பக்கம் புடைக்கிறதா என்று பார்க்க ஆணையிடுங்கள். 19ஆம் நூற்றாண்டு முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது. ஒரு நிமிடம் போதும். தனி அறையில், பெண் ஊழியர் மட்டும் பார்க்கட்டும். இல்லையேல் எங்கள் பகுதியில் பல வீடுகள் பிள்ளையை அனுப்பா. பள்ளிப் பரிசோதனையின் பயனுக்குப் போதிய சான்றில்லை என்று 2018இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று சொன்னதை அறிவோம். வீண் எக்ஸ்ரே பற்றிய அச்சமும் நியாயமானது. முதுகுச் சாய்வை அளக்கும் சிறு கருவியில் 7 பாகையைத் தொட்டால் மட்டும் மேலே அனுப்பினால் அந்த அச்சம் பெருமளவு குறையும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீடு தேடி இயன்முறை சிகிச்சை தருகிறது. வட்டார வள மையங்களிலும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்தப் பயிற்சி முறையைக் கற்பிக்க ஏற்பாடு செய்து, ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் ஞாயிறு காலை ஒரு பயிற்சி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஞாயிறு என்பதை மாற்ற வேண்டாம். கம்பெனிக்கு அன்றுதான் விடுமுறை.

கூட்டுக்கான செலவுக்குத் தோல் நிறுவன உரிமையாளர்களை அழைத்துப் பேசுங்கள். சமூகப் பொறுப்பு நிதி சட்டப்படி பெரிய நிறுவனங்களின் கடமை. 1946இல் உருவான ‘மில்வாக்கி’ என்ற முதுகுக் கூட்டின் இடுப்புப் பகுதி தோலால்தான் செய்யப்பட்டது என்பதையும் அவர்களிடம் சொல்லலாம். கேட்க அவர்களுக்குப் பிடிக்கும். பரிசோதனை நாளில் தாய்க்குச் சம்பளத்தோடு அரை நாள் அனுமதி தரவும் அதே கூட்டத்தில் கேளுங்கள்.

புதிய திட்டமோ புதிய கட்டடமோ நாங்கள் கேட்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்து மருத்துவக் குழு போகும் முதல் நாளில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவிகளைக் குனியச் சொல்லும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவோடு வேண்டுகிறோம்.