முகம் பெரிது, எழுத்துச் சிறிது!

சாலையோரப் பலகைகளிலும் தொலைக்காட்சித் திரைகளிலும் திரைப்பட நடிகையர் தம் கூந்தலை ஒருமுறை சிலுப்பிக் காட்டுகின்றனர். அடுத்த நொடியில் ஒரு புட்டி தோன்றுகின்றது. அப் புட்டியைத் தமிழ்நாட்டு வீடுகளின் குளிப்பறைக்குள் கொண்டு சேர்த்தது, அதனுள் இருக்கும் நீர்மம் அன்று. அக் கூந்தற் சிலுப்பலே. அந் நடிகையின் கூந்தல் பிறப்பால் அமைந்ததாகலாம்; ஒப்பனையாளர் கைத்திறத்தாலும் ஒளியமைப்பாலும் அமைந்ததாகலாம்; சிலவேளை ஒட்டுக்கூந்தலாகவும் இருக்கலாம். புட்டியால் அமைந்தது என்பதற்கு விளம்பரம் காட்டும் சான்று யாது? புன்னகை ஒன்றே!

உண்மையான சான்று எங்கேனும் இருக்குமாயின் அது புட்டியின் முதுகில்தான் இருக்கும். முன்புறம் முகம்; பின்புறம் உட்பொருள் வரிசை. முகத்திற்குக் கையகல இடம். உட்பொருள்களுக்கோ எறும்பின் காலளவு எழுத்து. எனினும், அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றவர்முன் எந்த நடிகையின் முகமும் நெடுநேரம் நில்லாது.

அதனைப் படிக்கும் வழி அரிதன்று. இந்திய அரசின் 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப்பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டிற்கு மேற்பட்ட உட்பொருள்கள் மிகுந்தது முதலும் குறைந்தது பின்னுமாக இறங்குவரிசையில் எழுதப்பெறல் வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைந்தனவும் அவற்றின்பின் எம்முறையிலும் நிற்கலாம். இவ்வொரு நெறியை மனத்திற் கொண்டு புட்டியைத் திருப்பினாலே போதும். பாதிப் புரட்டு வெளுத்துவிடும்.

வரிசையின் தலையில் நிற்பது நீர். ஆம், குழாயில் வரும் அதே நீர்தான்! நூறு உருபாய்ப் புட்டியிலும் ஆயிரம் உருபாய்ப் புட்டியிலும் அதுவே முதலிடம். அடுத்து நிற்பது பெரும்பாலும் 'சோடியம் லாரத்துச் சல்பேட்டு'. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி நுரைதரும் பொருள் இது. அதற்குத் துணையாய்க் 'கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன்'. சற்றுத் தள்ளிச் 'சோடியம் குளோரைடு' என்று ஒன்று வரும். அச்சுறுத்தும் இப் பெயருக்கு உரியது, சோற்றுக்கு இடும் உப்பே! நீர்போல் ஓடும் நீர்மத்தைக் குழம்புபோல் திரளச் செய்வதற்காக அதனைச் சேர்க்கின்றனர். 'கெட்டியாயிருக்கின்றதே, சத்து மிகுதிபோலும்' என்று வாங்குவோர் எண்ணிக் கொள்வதற்குக் கரணியம் பலவிடத்தும் அவ்வுப்புத்தான். இன்னும் கீழே 'தைமெத்திகோன்' என்னும் வழுக்குப் பூச்சு நிற்கும். மயிரின்மேல் படிந்து மினுக்கம் தருவது அது. திரையில் நடிகையின் கூந்தலிற் கண்ட மினுக்கத்தை வீட்டில் ஓரளவேனும் தருவதும் அதுவே. தலையை மீண்டும் கழுவக் கழுவ அது போய்விடும்.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். 'லாரத்து' என்ற சொல் 'லாரிக்குக் காடி' என்பதன் வழிவந்தது. அக் காடிக்கு ஐரோப்பியர் தம் நாட்டு 'லாரல்' மரத்தின் பெயரை இட்டனர். ஆனால் அக் காடி மிகுந்திருப்பது தேங்காய் எண்ணெயில். அவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதி அதுவே! தேங்காயெண்ணெயிலிருந்தும் பனைவகை ஒன்றன் கொட்டை எண்ணெயிலிருந்தும் இந்நுரைப்பொருளைச் செய்கின்றனர், கல்நெய்யிலிருந்தும் செய்வதுண்டு. 'கோகமிடோ' என்பதன் தலையில் இருப்பதும் தேங்காயின் ஆங்கிலப் பெயரே. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உழவனின் மகள், தன் தோப்புக் காயின் உறவு முன்னால் நிற்பதை அறியாமலே புட்டியைத் திருப்பி வைத்துவிடுகின்றாள். தன் பொருளைத் தானே அறியவொட்டாமல் செய்யும் எழுத்து, எத்துணை நேர்மையாக அச்சிடப்பட்டிருப்பினும் அவளுக்கு மறைப்பே ஆகும்.

இனி, நடிகையின் கையில் செம்பருத்தியும் நெல்லியும் கற்றாழையும் கரிசாலையும் பூத்துக் குலுங்குகின்றனவே, அவை எங்கே? வரிசையில் அவற்றைத் தேடுவோர் முதலில் 'பீனாக்சி எத்தனால்' என்ற பெயரைத் தேடுதல் நன்று. நீர்மம் கெடாமற் காப்பதற்காகப் பலவற்றில் சேர்க்கப்பெறும் பொருள் அது. ஒரு விழுக்காட்டிற்கு மேல் அதனைச் சேர்த்தலை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் விடாது. அந்த வரம்பிற்குட்பட்ட புட்டியில் அப் பெயருக்குப் பின்னால் நிற்பன யாவும் ஒரு விழுக்காடோ அதற்குங் குறைவோதான். செம்பருத்திச் சாறு அதன் பின்னே நிற்குமாயின், முன்புறப் படத்தில் பூவிற்குத் தந்த இடத்திற்கும் உள்ளே பூவிற்குத் தந்த இடத்திற்கும் உள்ள தொலைவை வாங்குவோரே அளந்துகொள்ளலாம். மயிர்க்காலைக் கடந்து வெளிவந்த மயிர் உயிரற்றது. உயிரற்ற ஒன்றிற்கு 'ஊட்டம்' தருவதாக முழங்குவது, பட்டமரத்திற்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும். அதனைப் பூசலாம், மினுக்கலாம், மென்மையாக்கலாம், ஊட்ட முடியாது.

'நறுமணம்' என்னும் ஒரு சொல்லின் உள்ளே பத்துப் பொருள் இருப்பினும் ஒரு சொல்லாகவே எழுதிவிடுதற்கு இடமுண்டு. மணத்தால் தோல் தடிப்பவர்க்கு அவ்வொரு சொல்லால் விளையும் பயன் யாதும் இல்லை.

இவ்வாறு கூறுவதால் வேதிப்பொருள் அனைத்தும் நஞ்சு என்று கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. அவ்வாறு கூவி விற்போரும் வணிகரே. நீரும் வேதிப்பொருள், உப்பும் வேதிப்பொருள். சல்பேட்டு புற்றுநோய் தரும் என்ற கதைக்குச் சான்றில்லை. சிலர் தலைத்தோலை அது வறளச் செய்யும் என்பதே உண்மை. சீயக்காயில் நுரைப்பதும் 'சபோனின்' என்னும் ஒரு வேதிப்பொருள்தான். கண்ணில் விழுந்தால் அதுவும் எரிக்கும். (சீத்தல் என்றால் நீக்கித் தூய்மை செய்தல். அத் தமிழ்வினை இருக்கவும் 'சிகைக்காய்' என்று எழுதி அதற்கு வடமொழிப் பூணூல் மாட்டுவோர் இன்றும் உளர்!)

வரிசையைப் படிப்பது ஒன்றே முழுக்காப்பும் ஆகாது என்பதற்கு அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று சான்று. நடிகையர்க்கு முடி ஒப்பனை செய்து பெயர்பெற்ற ஒருவரின் பெயரோடு 'வென்' என்னும் தலைக்கழுவி ஆங்கு விற்கப்பெற்றது. சல்பேட்டு இல்லை என்பதே அதன் பெருமை. முடியுதிர்வு, முடியொடிவு, வழுக்கை, அரிப்பு, தடிப்பு என முறையீடுகள் எழுந்தன. அமெரிக்க உணவு-மருந்து ஆட்சியகம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, அதனிடம் நேரே வந்த முறையீடுகள் 127. விற்றவர்களிடம் முன்னரே வந்து குவிந்திருந்தவையோ 21,000-க்கு மேல்! அவற்றை அரசிடம் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை. தொடர்ந்த வழக்கு 2 கோடியே 62 இலக்கத்து 50 ஆயிரம் தாலர் உடன்பாட்டில் முடிந்தது. கடுந்தீங்கு பற்றிய முறையீடுகளைப் பதினைந்து வேலைநாளுக்குள் தெரிவித்தல் கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் செய்தது 2022-ஆம் ஆண்டில்தான். 'இது இல்லை' என்று முன்புறம் எழுதுவது, 'இருப்பது நல்லது' என்பதற்கு உறுதி ஆகாது.

முகத்தை விற்போர்க்கும் பொறுப்பு உண்டு. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்தில் தோன்றுவோர்க்குப் பத்து இலக்கம் உருபா வரை தண்டம் இட இடந்தருகின்றது. மீண்டும் தவறினால் ஐம்பது இலக்கம் வரை. ஆனால் கூறப்படுவதன் உண்மையை ஆய்ந்து பார்த்தேன் என்று காட்டிவிட்டால் தண்டம் இல்லை. எத்தனை நடிகையர் புட்டியைத் திருப்பிப் பார்த்திருப்பர்? திருச்சூர் நுகர்வோர் மன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பு 2021 தொடக்கத்தில் செய்தித்தாள்களில் வந்தது. முடிவளர்க்கும் குழைமம் ஒன்றை விளம்பரம் செய்த மலையாள நடிகர், தாம் அதனைப் பயன்படுத்தியதே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் தலைக்கு இட்டது அவர்தம் தாய் காய்ச்சித் தந்த எண்ணெய்! நிறுவனத்திற்கும் நடிகர்க்கும் தலைக்குப் பத்தாயிரம் உருபா தண்டம் இடப்பட்டது. ஊரார் தலைக்குப் புட்டி. தன் தலைக்குத் தாய் எண்ணெய்!

இவை யாவும் புட்டி வாங்குவோர் கதை. சிறுபை வாங்குவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சாம்புவைச் சிறுபையில் அடைத்து எளியோரும் வாங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர் கடலூர்ச் சின்னி கிருட்டிணன். அன்றாடக் கூலியில் வாழும் பெண்டிர்க்கு இன்றும் அச்சிறுபையே சாம்பு. மேற்கூறிய அதே ஒப்பனைப்பொருள் விதிகளில் ஒரு விலக்கு இருக்கின்றது: 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த நீர்மப் பொதியில் உட்பொருள் வரிசை அச்சிட வேண்டியதில்லை! ஆகவே, பெரும்புட்டி வாங்கும் செல்வர்க்கு அறியும் உரிமை; சிறுபை வாங்கும் ஏழைக்கு நடிகை முகம் மட்டும். தாமாகவே அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. அஃது அவர்தம் விருப்பம், வாங்குவோர் உரிமை அன்று.

மொழியோ எனின், 2011-ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகள், பொதியின்மேல் கட்டாயமாக எழுத வேண்டியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுக என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்தால் தடையில்லையாம்! தமிழ்நாட்டில் விற்று, தமிழ்ப் பெண்டிர் தலையில் தேய்க்கப்பெறும் பொருளுக்குத் தமிழ் 'தடையில்லாத கூடுதல்'. சாம்புவின் பெயரை மட்டும் தமிழிற் பெரிதாக எழுதும் பொதிகளிலும் உட்பொருள் வரிசை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றது. விற்பதற்குத் தமிழ் வேண்டும், விளக்குவதற்கு வேண்டா!

உட்பொருட் பெயர்கள் உலகப் பொதுவாயிற்றே, அவற்றை எங்ஙனம் தமிழாக்குவது என்று வணிகர் கேட்கக்கூடும். பெயர் பொதுவாகவே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப் பெயர்கள் பொதுவே. ஆயினும் எச்சரிக்கையும் பயன்பாடும் அந்தந்த நாட்டுச் சட்டம் குறிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் 'நுரைப்பொருள்', 'வழுக்குப் பூச்சு', 'உப்பு', 'கெடாமற் காப்பது' என்று ஓரிரு தமிழ்ச்சொல் சேர்ப்பதற்கு எந்த அறிவியலும் குறுக்கே நில்லாது. இடமில்லை என்று சிறுபையைக் காட்டுவர். பெட்டிக்கடைக் கம்பியில் சரம் சரமாகத் தொங்கும் சிறுபைகளில், ஒவ்வொன்றிலும் அதே நடிகையின் முகத்திற்கு இடம் இருக்கின்றது. அம் முகத்தைக் கட்டைவிரல் அகலம் குறைத்தால் முதல் ஐந்து உட்பொருளும் அவற்றின் தமிழ்விளக்கமும் அவ்விடத்தில் அடங்கும்.