பேருந்திலிருந்து இறக்கப்பட்ட பெயர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் அரசுப் பேருந்தில் இன்று எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. ஏன் இல்லை என்று தெரியாமலே ஏறி இறங்குகிறோம்.

1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. ஓட்டப்பிடாரம் அருகே கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி, 1799இல் வெள்ளையரை எதிர்த்து உயிர்விட்ட தேவேந்திரகுல வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லா மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது.

"எல்லாருடைய பெயரையும்தானே எடுத்தார்கள், இதுவும் சமத்துவம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். சேரன், பாண்டியன், கட்டபொம்மன் பெயர்களில் பல ஆண்டுகள் பஸ் ஓடியபோது யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்த பிறகுதான் பெயரே பிரச்சினையானது. தீண்டாமையைத் தண்டிக்க வேண்டிய அரசு, பெயரைத் தண்டித்தது. அதற்குப் பெயர் அமைதி அல்ல, பணிவு.

சினிமாவும் இதே கதைதான். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தால் வெள்ளையத்தேவன் என்றதும் ஜெமினி கணேசன் நினைவுக்கு வருகிறார். சுந்தரலிங்கம் என்றதும் நம் மனதில் எந்த முகமும் வருவதில்லை.

தோழர்களே, பெயர்ப்பலகை சோறு போடாது, உண்மைதான். ஆனால் யாருடைய வீரத்தைப் பொதுவில் எழுதலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். 1997ஐப் பார்த்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.