பெறுபேறு வந்த மறுநாள்



ஒரு வருடம், எமது பகுதித் தோட்டமொன்றிலிருந்து மருத்துவபீடத்துக்குத் தெரிவான மாணவன் ஒருவனுக்கு நாம் மாலை போட்டோம். தப்படித்து ஊர்வலம் போனோம். கோயில் வாசலில் வாழ்த்துப் பதாகை கட்டினோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே லயத்தின் கடைசிக் காம்பராவில், அதே மூன்று பாடங்களை எழுதி மூன்று 'எஸ்' மட்டுமே பெற்ற பிள்ளையொருத்தி இருந்தாள். அந்தக் கதவை நாம் தட்டவில்லை. இரண்டு மாதத்தில் அவள் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வேலையில் இழிவு கிடையாது. எமது பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதைச் செய்து குடும்பம் காக்கிறார்கள். ஆனால் அவளுக்குப் பரீட்சை எழுத இன்னும் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. அந்த வீட்டில் அது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். நாம் மாலை கட்டிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் இம்முறை சித்தியடைந்த பிள்ளைகளை வாழ்த்துவதோடு நின்றுவிடாமல், புள்ளி குறைந்த பிள்ளைகளின் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் சட்டம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். மூன்று பாடங்களின் பெறுபேறும் ஒரே அமர்வில் பெற்றதாக இருக்க வேண்டும். ஆகவே இரசாயனவியல் மட்டும் காலை வாரிவிட்டது என்று அதை மட்டும் திருப்பி எழுதிப் பயனில்லை. மூன்றையும் எழுத வேண்டும். விஞ்ஞானப் பிரிவில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு எமது பிள்ளை மனம் உடையத் தேவையில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பெறுபேறு வந்த கிழமையிலேயே எந்த முடிவும் எடுக்காதீர்கள். மனம் ஆறியபின், எங்கே சறுக்கியது என்று பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வினாத்தாள் ஐம்பது பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாள் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும், மூன்று மணித்தியாலம். பல்தேர்வில் நேரம் போதாமல் போனதா? கட்டுரையில் தெரிந்ததை எழுதத் தெரியாமல் போனதா? பௌதிகவியலுக்குப் பாடசாலையில் ஆசிரியரே இல்லாமல் இருந்ததா? இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒரே மருந்து கேட்காது. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, தாமே திருத்திப் பார்த்த பிள்ளைகள் அடுத்த தடவையில் முன்னேறியதை எமது வகுப்பறைகளில் கண்டிருக்கிறோம். ஒரே பாடக்குறிப்பைப் பத்துத் தடவை வாசித்த பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றதையும் கண்டிருக்கிறோம்.

மருத்துவபீடம் ஒன்றுதான் கதவு என்றும் நினைக்க வேண்டாம். அதே மூன்று பாடங்களோடு கால்நடை மருத்துவம், சித்த மருத்துவம், தாதியர் பட்டம், மருந்தகவியல், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் என்று பல கற்கைநெறிகள் உண்டு. தாதியர் பயிற்சியும், பத்தனை ஸ்ரீபாத உள்ளிட்ட கல்வியியற் கல்லூரிகளும் உண்டு. எமது தோட்டத்துத் தாய் ஒருத்தி வைத்தியசாலையில் தன் வருத்தத்தைத் தமிழில் சொன்னால் விளங்கிக்கொள்ள ஒரு தாதி வேண்டும். எமது பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர்கள் வேண்டும்.

பெற்றோரே, இனி உங்களிடம். "ஒரு தரம் படிக்க வச்சாச்சு, இனி தம்பி இருக்கான்" என்று நீங்கள் சொல்வதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எமக்குத் தெரியும். அடகில் இருக்கும் தோடு, கட்டி முடியாத சீட்டு, ஹட்டனுக்கு டியூஷனுக்குப் போன பஸ் காசு. கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள் என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பெண்பிள்ளை என்றால் உடனே கலியாணப் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், முடங்கிக் கிடந்தால் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வெளிநாட்டில் வைத்தியராக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடமும் கவனமாக இருங்கள். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே ஒரு பரீட்சையில் சித்தியடைந்தால்தான் தொழில் செய்யலாம். இதை விசாரிக்காமல் சேமலாப நிதியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தோழர்களே, 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு நாம் பிரட்டுக்களத்திலும் சந்தியிலும் நின்றோம். 2016 ஒப்பந்தத்தில் அது கிடைக்கவில்லை. 2019 ஒப்பந்தத்திலும் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. முதல் தடவை கிடைக்கவில்லை என்பதற்காகக் கோரிக்கையைக் கைவிட்டவர்கள் அல்ல நாம். ஆனால் எமது பிள்ளை ஒரு தடவை தவறினால் மட்டும் "நமக்கு இது சரிப்படாது" என்று ஏன் சொல்கிறோம்?

ஒரு பிள்ளையின் புள்ளி அந்தப் பிள்ளையின் முயற்சியை மட்டும் காட்டுவதில்லை. விஞ்ஞானப் பிரிவு இருக்கும் பாடசாலை எத்தனை மைல் தூரம், அங்கே ஆய்வுகூடம் உண்டா, ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும்போது எந்த மூலையில் விளக்கு எரியும் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பு என்ற கோரிக்கை, சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அது கிடைக்கும்வரை எம்மால் முடிந்ததைச் செய்வோம். ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் அணித் தலைவியும் உயர்தரம் எழுதிய எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி எடுங்கள். சித்தியடைந்தவர் வீட்டுக்குப் போகும் அதே நாளில் மற்ற வீடுகளுக்கும் போங்கள். இரவில் படிக்கத் தோட்டத்துப் பொது மண்டபத்தைத் திறந்துவிடக் கேளுங்கள். துரை மறுத்தால் எமக்கு அறிவியுங்கள். மீண்டும் எழுதும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித்தர எம்மில் சில ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். கட்டணம் இல்லை.

இம்முறை அந்தக் கடைசிக் காம்பராவின் கதவை முதலில் தட்டுவோம்.