படம் தெரிகிறது; பேச்சு கேட்கவில்லை!

தீபாவளிக்குப் புது டெலிவிஷன் வாங்குவது என்று ஒரு வீட்டில் முடிவு ஆகிறது.

அப்பா, அம்மா, மகன், மகள் நாலு பேரும் கடைக்குக் கிளம்புகிறார்கள். பாட்டி மட்டும் வரவில்லை. "எனக்கு என்னப்பா தெரியும்? நீங்களே பார்த்து வாங்கி வாருங்கள்" என்று சொல்லி விட்டாள்.

கடையில் சுவர் முழுவதும் டெலிவிஷன். எல்லாவற்றிலும் ஒரே படம். சிவப்பு ரோஜா! நீலக் கடல்! பச்சைக் கிளி! கண்ணைப் பறிக்கிறது.

"எத்தனை அங்குலம், தம்பி?" என்று கேட்கிறார் அப்பா.

"55 சார். 4கே. இதைவிடப் பெரியதும் இருக்கிறது. மாதத் தவணை உண்டு."

விலை கேட்கிறார்கள். தள்ளுபடி கேட்கிறார்கள். சுவரில் மாட்டித் தர ஆள் வருவாரா என்று கேட்கிறார்கள். அரை மணி நேரத்தில் பில் போட்டாகி விடுகிறது.

அந்த அரை மணி நேரத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பெட்டியில் பேச்சு தெளிவாகக் கேட்குமா?"

கேட்டிருந்தாலும் கடையில் பதில் கிடைத்து இருக்காது. அங்கே எல்லாப் பெட்டிக்கும் வாய்ப்பூட்டு போட்டு இருக்கிறார்கள்!

டெலிவிஷனைக் கண்ணால் வாங்குகிறார்கள். காதை வீட்டில் விட்டு விட்டுப் போகிறார்கள். இது தவறு. ஒதுக்கிய பணத்தில் கால் பங்காவது ஒலிக்குப் போக வேண்டும். அதற்காகப் படத்தில் சில அங்குலம் குறைந்தாலும் பாதகம் இல்லை.

மெலிந்த உடம்பு, மெலிந்த குரல்

சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அந்தக் காலத்துப் பெட்டி பெரிய மரப் பெட்டி போல இருக்கும். 2006-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டெலிவிஷனும் தொந்தி வைத்த பெட்டிதான். படம் சிறியது. ஆனால் அடுப்பங்கரையில் தோசை வார்த்துக் கொண்டே வசனத்தைக் கேட்டுப் புரிந்து கொள்ளலாம்.

என்ன காரணம்?

ஒலி என்பது காற்றின் அசைவு. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதற்கு இடம் வேண்டும். பழைய பெட்டியின் தொந்திக்குள் இடம் இருந்தது. ஒலிபெருக்கியும் பெரும்பாலும் முன்பக்கமோ, பக்கவாட்டிலோ இருந்தது.

இப்போது வரும் பெட்டிக்குக் கனம் இரண்டு, மூன்று விரல். முன்பக்கம் முழுவதும் படம்தான். ஒலிபெருக்கிக்கு அங்கே இடம் இல்லை. அதைச் சிறியதாக்கி அடியில் தள்ளி விட்டார்கள். சில பெட்டிகளில் முதுகுப் பக்கம் வைத்து விட்டார்கள். ஒலி தரையைப் பார்த்தோ, சுவரைப் பார்த்தோ போகிறது. மோதித் திரும்பி வருவதுதான் காதில் விழுகிறது.

முகத்தைத் திருப்பிக் கொண்டு பேசுகிறவரின் பேச்சு எப்படிக் கேட்கும்? அப்படித்தான்.

கடையா, சடையா?

"பாட்டிக்குக் காது மந்தம்" என்று வீட்டில் எளிதாகச் சொல்லி விடுகிறார்கள். ஆனால் அதே பாட்டி, வாசலில் கீரைக்காரி கூவினால் எழுந்து போகிறாள். டெலிவிஷனில் பேசினால் மட்டும் "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்கிறாள்.

இதில் விந்தை ஒன்றும் இல்லை.

வயது ஏறும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக இருக்கும். 'ச', 'த' போன்ற மெய் ஒலிகள் மெலிதாக, உயரத்தில் இருக்கும். ஆகவே, யாரோ பேசுகிறார்கள் என்பது வயதானவருக்குக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது.

கடை, சடை, தடை, படை. நாலு சொல்லிலும் பின்பாதி ஒன்றுதான். முதலில் வரும் மெய் ஒலிதான் பொருளை மாற்றுகிறது. அது காதில் விழாவிட்டால் கதை எப்படி விளங்கும்?

60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேளாமை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தெருவில் எத்தனை வீடு!

சத்தத்தைக் கூட்டினால் சரியாகி விடுமா? ஆகாது. வசனத்தோடு சேர்ந்து பின்னணி இசையும் கூடுகிறது. சீரியலில் மாமியார் வாயைத் திறப்பதற்கு முன்பே முரசு முழங்குகிறது! அதில் மெய் ஒலி முழுகிப் போகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பேரன், "கொஞ்சம் சத்தத்தைக் குறை பாட்டி!" என்று கத்துகிறான்.

பாட்டி குறைத்து விடுகிறாள். நாலு நாள் பார்க்கிறாள். ஐந்தாம் நாள், "இந்தக் கதை நன்றாகவே இல்லை" என்று சொல்லிப் பாயை எடுத்துக் கொண்டு உள் அறைக்குப் போய் விடுகிறாள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரம் ராத்திரியில் ஒரு மணியோ, இரண்டு மணியோதான். அதில் இருந்தும் ஒருத்தி எழுந்து போகிறாள். யாரும் அதைக் கவனிப்பது இல்லை.

எட்டு அடித் தூரம்

"அதற்காகச் சின்னப் படம் பார்ப்பதா?" என்று கேட்பார்கள்.

அங்குலம் என்பதை முதலில் புரிந்து கொள்ள வேண்டும். 43 அங்குலம் என்றால் அகலம் 43 அல்ல. ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த அளவு அது. அகலம் சுமார் 37½ அங்குலம், உயரம் 21. 55 அங்குலப் பெட்டியின் அகலம் 48, உயரம் 27.

நடுத்தரக் குடும்பத்தின் கூடம் பத்து அடி, பன்னிரண்டு அடி இருக்கும். நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவே சுமார் எட்டு அடி. அந்தத் தூரத்தில் செய்தி, சீரியல், சினிமா பார்க்க 43 அங்குலம் போதும். கிரிக்கெட் பைத்தியங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பெரிய படம் இன்பம்தான், மறுப்பதற்கு இல்லை.

அடுத்து, 4கே. படம் என்பது புள்ளிகளின் கூட்டம். 'புல் எச்.டி.' பெட்டியில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே பெட்டியில் சுமார் 83 லட்சம். எட்டு அடித் தூரத்தில் உட்கார்ந்து 43 அங்குலப் படம் பார்க்கும் சாதாரணக் கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. அதுவும் கேபிளில் வரும் பழைய தரத்துச் சானல்களில் ஒரு படத்துக்கு நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிதான் வருகிறது. மீதியைப் பெட்டி தானே இட்டு நிரப்புகிறது. கால்படி அரிசியை அண்டாவில் போட்டால் கால்படிதான் இருக்கும். பெட்டி பெரியதாக ஆக, மங்கல் கூடுதலாகத் தெரியும்!

இப்போது 43 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் 4கேயாகவே வருகின்றன. வந்தால் வரட்டும். அதற்கு என்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

வரி விஷயம் ஒன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதமாக இருந்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவீதம் ஆயிற்று. வரி இல்லாமல் ரூ.30 ஆயிரம் பெறும் பெட்டிக்கு ரூ.3 ஆயிரம் மிச்சம். மிச்சத்தைக் கண்டதும் இன்னும் ஒரு படி பெரிய பெட்டிக்கு ஆசை வருகிறது. அந்தப் பணம் போக வேண்டிய இடம் அது அல்ல.

எந்த ஒலிபெருக்கி?

ஒலிக்குப் பணம் ஒதுக்கியாகி விட்டது. எதை வாங்குவது?

'5.1 ஹோம் தியேட்டர்' என்று ஒன்று காட்டுவார்கள். ஐந்து ஒலிபெருக்கி, ஒன்று உறுமல் பெட்டி. அதைத்தான் 'சப்-ஊபர்' என்கிறார்கள். சினிமாக் கொட்டகை போலச் சுற்றிலும் ஒலி கேட்கும். கேட்கத்தான் செய்யும், ஐந்தையும் உரிய இடத்தில் வைத்தால்! சின்னக் கூடத்தில் பின்பக்கத்து இரண்டும் ஒரு மாதத்தில் பீரோ மேல் ஏறி விடும். கம்பியைக் குழந்தை இழுக்கும். ஒட்டுக் குடித்தனத்தில் உறுமல் பெட்டி உறுமினால், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

இந்த ஐந்தில் வசனம் பெரும்பாலும் வருவது நடுவில் உள்ள ஒன்றில்தான். ஆகவே பேச்சு முக்கியம் என்கிற வீட்டுக்கு, நடுவில் தனி ஒலிபெருக்கி வைத்த 'சவுண்டு பார்' நல்லது. பெட்டிக்கு அடியில் நீளமாக வைப்பது அது. '3.1' என்று அட்டையில் போட்டு இருந்தால் இடம், வலம், நடு மூன்றும் உண்டு, உறுமல் பெட்டியும் உண்டு என்று அர்த்தம். பாட்டுக் கேட்கும் வீடாக இருந்தால், முன்னால் இரண்டு பக்கமும் வைக்கும் நல்ல ஜோடி ஒலிபெருக்கி இன்னும் இனிமை.

'10 ஆயிரம் வாட்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு இருந்தால் பக்கத்தில் பார்க்க வேண்டும். 'பி.எம்.பி.ஓ.' என்று சின்னதாக இருக்கும். அது நம்பத் தகுந்த கணக்கே அல்ல. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட வாட்தான் தொடர்ந்து தரக்கூடிய பலம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு அது ஆயிரக்கணக்கில் தேவையே இல்லை.

சோதிக்கும் முறை எளிது. கடைக்காரர் குண்டு வெடிக்கும் சண்டைக் காட்சியைப் போடுவார். அது வேண்டாம். செய்தி வாசிப்பதைப் போடச் சொல்ல வேண்டும். சத்தத்தைத் தாழ்வாக வைக்கச் சொல்ல வேண்டும். எட்டு அடி தள்ளி, முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேட்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குத் தகுந்த ஆள் மகன் அல்ல. பாட்டிதான். ஆட்டோ வைத்தாவது அவளை அழைத்துப் போக வேண்டும். அவள் தலையை ஆட்டினால் அந்தச் சாமான் நல்ல சாமான்!

இணைப்பையும் அங்கேயே கேட்டுக் கொள்ள வேண்டும். டெலிவிஷனின் முதுகில் உள்ள எச்.டி.எம்.ஐ. துவாரங்களில் ஒன்றில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதி இருக்கும். சவுண்டு பாரிலும் அது இருந்தால், ஒரே கம்பியில் இணைத்து, ஒரே ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு ரிமோட் என்றால் பாட்டி தொடவே மாட்டாள். கம்பி இல்லாமல் புளூடூத்தில் இணைத்தால் சில நேரம் வாய் அசைந்த பிறகு பேச்சு வரும். பொம்மலாட்டம் போல இருக்கும்.

காசு இல்லாத வைத்தியம்

எதையும் வாங்குவதற்கு முன்பு வீட்டில் உள்ள பெட்டியையே ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது. பல பெட்டிகளில் ஒலி அமைப்புக்குள் போனால், பேச்சைத் தெளிவாக்குவதற்கு என்றே ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டாலே சில வீடுகளில் பாதிக் குறை தீர்ந்து விடும்.

சிமெண்டுச் சுவர், வழவழப்பான தரை, காலியான கூடம். இப்படிப்பட்ட இடத்தில் ஒலி முட்டி மோதி எதிரொலிக்கும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசுவது புரியாமல் போவது இதனால்தான். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம் இரண்டும் போதும், பேச்சு துலங்கும். ஒலிபெருக்கிக்கு முன்னால் கொலு பொம்மை, கோப்பை எதையும் அடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகும் பாட்டிக்குப் புரியவில்லை என்றால், அவளை அழைத்துப் போக வேண்டிய இடம் காது டாக்டரிடம். கடைக்கு அல்ல.

பணம் கட்டும்போது

'வட்டி இல்லாத தவணை' என்று எழுதிப் போட்டு இருப்பார்கள். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-ம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லி விட்டது. வட்டி பெரும்பாலும் விலையிலோ, விட்டுப்போன தள்ளுபடியிலோ, 'பிராசசிங்' கட்டணத்திலோ ஒளிந்து இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டு, தவணைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் வெளியே வந்து விடும். அந்த வித்தியாசத்தில் சவுண்டு பாரின் விலையில் ஒரு பங்கு இருக்கலாம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் கொண்டு வந்த ஆளை அனுப்பி விடக் கூடாது. பிரித்து, மின்சாரம் கொடுத்து, திரையில் கீறலோ, கறுப்புப் புள்ளியோ இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்க்க வேண்டும். பெட்டியின் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். கேட்டும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் புகார் செய்யக் காசு இல்லை; பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.